பொய்ந்நகையும் மெய்ச்சொல்லும்

தமிழர் 'ஏலம்' என்று வழங்கும் சொல்லையும் மலாய்க்காரர் 'லெலோங்' என்று வழங்கும் சொல்லையும் அருகருகே வைத்து நோக்கினால், அவை உடன்பிறப்புகள் என்பது விளங்கும். போர்த்துக்கீசியரின் 'லெய்லாவ்' என்னும் சொல்லே கடற்கரை தோறும் இறங்கி, இருவர் நாவிலும் இருவேறு வடிவம் கொண்டது. போர்த்துக்கீசியரோ அதனை அரபு மொழியினின்று பெற்றனர். அங்கே அதன் அடிப்பொருள் 'அறிவிப்பு' என்பதாம். பலரறியக் கூறுதலே ஏலத்தின் உயிர் என்னும் உண்மை அச்சொல்லின் வேரிலேயே பொதிந்து கிடக்கின்றது. கூறுவது மெய்யாயின் ஏலம் வாணிகமாகும். பொய்யாயின் அது வழிப்பறியாகும்.

இந்த அளவுகோலைக் கையிற்கொண்டு, நம் காலத்துப் புதுமை ஒன்றை ஆராய்வது பயனுடைத்து. தங்கமும் அல்லாத, வைரமும் அல்லாத பழைய அலங்கார நகைகள் இன்று இணைய ஏலத்தில் நாடு விட்டு நாடு விலை போகின்றன. உருக்கினால் ஒன்றும் தேறாத பொருளுக்கு உலகமே போட்டியிட்டு விலை கூறுவது எங்ஙனம்? இந்த வினாவுக்கு விடை காண வேண்டுமாயின் போலி நகையின் வரலாற்றையே முதலில் புரட்டிப் பார்த்தல் வேண்டும்.

போலி பிறந்த கதை

மேனாடுகளில் போலி நகைக்கு முறையான பிறப்பிடம் அமைந்தது 18ஆம் நூற்றாண்டில். இலண்டன் மாநகரில் கடிகாரத் தொழில் புரிந்த கிறிஸ்டபர் பிஞ்ச்பெக் என்பார், செம்பையும் துத்தநாகத்தையும் கலந்து பொன்னிறம் காட்டும் உலோகம் ஒன்றை ஆக்கினார். அவர் 1732இல் மறைந்தார். அவர் பெயரோ அவ்வுலோகத்தின் பெயராகவே நிலைத்தது. பாரிசில் ஜோர்ஜ் பிரெடெரிக் ஸ்ட்ராஸ் என்பார், ஈயம் மிகுந்த கண்ணாடியைப் பட்டை தீட்டி வைரம் போல் ஒளிரச் செய்தார். 1734இல் அரசவையின் நகைவினைஞராகும் பேறும் அவருக்குக் கிட்டியது. அரசவை மகளிரே விரும்பி அணிந்தமையால், போலி என்பது அன்று இழிவாகக் கருதப்படவில்லை என்பது தெளிவாகின்றது.

கைத்தொழிலாக இருந்ததனை ஆலைத்தொழிலாக மாற்றியவை 19ஆம் நூற்றாண்டின் கண்டுபிடிப்புகள். 1840இல் பர்மிங்காம் நகரத்து எல்கிங்டன் குடும்பத்தார் மின்னாற்றலால் முலாம் பூசும் முறைக்கு உரிமை பெற்றனர். பொகீமியாவில் பிறந்த டானியல் ஸ்வரோவ்ஸ்கி, கண்ணாடிக் கற்களைப் பட்டை தீட்டும் பொறிக்கு 1892இல் காப்புரிமை பெற்று, 1895இல் ஆஸ்திரியாவின் வாட்டென்ஸ் என்னும் ஊரில் ஆலை நிறுவினார். 1907இல் லியோ பேக்லண்ட் கண்டறிந்த பேக்லைட் என்னும் செயற்கைப் பொருள், பின்னாளில் வளையலாகவும் பதக்கமாகவும் வடிவெடுத்தது. 1920களில் கோகோ ஷனேல் அம்மையார் போலி முத்துமாலைகளை வெளிப்படையாகவே அணிந்து அவற்றுக்கு மதிப்புத் தேடித் தந்தார். 1926இல் நியூயார்க்கில் மிரியம் ஹாஸ்கெல் அம்மையார் இத்தகைய நகைகளுக்கெனவே தொழில் தொடங்கினார்.

பொகீமியாவின் காப்லோன்ஸ் நகரம், இன்றைய செக் நாட்டு யப்லோனெட்ஸ், கண்ணாடி மணிகளுக்குப் பெயர் பெற்றது. இரண்டாம் உலகப்போர் முடிந்தபின் அங்கிருந்து வெளியேற்றப்பட்ட செருமானிய மொழியினர், பவேரியாவின் காவுஃப்பாய்ரன் நகரருகே 'நியூகாப்லோன்ஸ்' என்னும் புதிய குடியிருப்பை அமைத்து அதே தொழிலைத் தொடர்ந்தனர். வீட்டை இழந்தவர்கள் தொழிலை இழக்கவில்லை. ஆகவே ஒரு சிறு கண்ணாடிப் பதக்கத்தினுள் ஒரு மக்கட்கூட்டத்தின் இடப்பெயர்ச்சியே அடங்கியிருத்தல் கூடும்.

தமிழகத்துக் கவரிங்

தமிழரிடையே இவ்வகை அணிகலன்களுக்குக் 'கவரிங்' என்பதே வழக்கு. ஆங்கிலச் சொல்லேயாயினும் அது தமிழ்ப் பெண்டிர் நாவில் தமிழாகவே ஆகிவிட்டது. செம்பு, வெள்ளி முதலிய உலோகத்தின் மீது பொன்தகடு போர்த்தியோ முலாம் பூசியோ செய்யப்படும் இந்நகைக்குச் சிதம்பரம் பெயர் பெற்றது. 'சிதம்பரம் கவரிங்' என்னும் பெயர்ப்பலகையைத் தமிழகத்தின் எந்தக் கடைத்தெருவிலும் காணலாம். நாகர்கோவிலை அடுத்த வடசேரியின் கோயில் நகைகள், தெய்வத் திருமேனிகளுக்கும் நாட்டிய மங்கையர்க்கும் அணியாகி, புவிசார் குறியீடும் பெற்றுள்ளன. திருச்சிராப்பள்ளியிலும் அதனைச் சூழ்ந்த சிற்றூர்களிலும் செயற்கைக் கற்களுக்குப் பட்டை தீட்டும் தொழில் தலைமுறை தலைமுறையாக நடந்து வந்தது.

அரசின் ஆணையும் நகைத்தொழிலின் போக்கை மாற்றிய காலம் உண்டு. சீனப் போரையொட்டி, 1963 ஜனவரியில் இந்திய அரசு தங்கக் கட்டுப்பாட்டு விதிகளைக் கொணர்ந்தது. 14 காரட்டுக்கு மேற்பட்ட தூய்மையில் புதிய நகை செய்வது தடை செய்யப்பட்டது. பொற்கொல்லர் பலர் பிழைப்பிழந்து துன்புற்றனர். 1968இல் சட்டமாகவும் ஆன அக்கட்டுப்பாடு 1990இல்தான் நீக்கப்பட்டது. பொன் அரிதாகும் போதெல்லாம் பொன் போன்றது பெருமை பெறுகின்றது என்பது பொது விதி.

கடல் கடந்த நகைகள்

இனிப் பினாங்குக்கு வருவோம். 1786இல் பிரான்சிஸ் லைட் கால் வைத்த நாள்முதல் இத்தீவு பல இனத்தாரின் கடைவீதியாகவே வளர்ந்தது. ஜோர்ஜ்டவுனின் பினாங்குத் தெருவில் நாட்டுக்கோட்டை நகரத்தாரின் கிட்டங்கிகள் இருந்தன. பிட் தெரு என வழங்கிய, இன்றைய மஸ்ஜிட் காப்பித்தான் கிளிங் சாலையில் இந்தியப் பொற்கொல்லரும் நாணய மாற்றுநரும் அடுத்தடுத்துக் கடை வைத்தனர். சீனரும் மலாய்ப் பண்பாடும் கலந்து பிறந்த பெரானாக்கான் குடும்பத்து மகளிர், கெபாயாச் சட்டையை 'கெரோங்சாங்' என்னும் பதக்கங்களால் பூட்டினர். துக்க காலத்தில் அவர்கள் பொன்னையும் வைரத்தையும் நீக்கி, வெள்ளியும் முத்தும் அணிவர். முத்து கண்ணீருக்கு அடையாளமாம். அணிகலன் என்பது செல்வம் மட்டுமாகாது, மொழியும் ஆகும் என்பதற்கு இதனினும் நல்ல சான்று வேண்டுவதில்லை.

தோட்டத்துத் தமிழ்ப் பெண்ணுக்கோ நகையே சேமிப்பு வங்கி. பால் வெட்டிய கூலியில் மீந்தது மூக்குத்தியாகும், தோடாகும். இடர் வந்தபோது அதுவே அடகுக்கடைக்குச் செல்லும். மீட்கப்படாத நகைகளுள் பெருமதிப்புடையன பொது ஏலத்துக்கு வருவது இந்நாட்டின் 1972ஆம் ஆண்டு அடகுபிடிப்போர் சட்டம் வகுத்த நடைமுறை. ஏலத்தில் எடுக்கப்பட்ட பழைய பொன்னகை பெரும்பாலும் சேர்வது உலைக்களமே. அதன் வேலைப்பாட்டை விட அதன் எடைக்கே விலை.

1941 டிசம்பரில் சப்பானியர் பினாங்கைக் கைப்பற்றியது முதல் 1945 வரை நகைகள் அரிசியாகவும் மருந்தாகவும் மாறின. வாழைமரப் படம் பொறித்த நோட்டுகள் போரின் முடிவில் வெறுங்காகிதமாயின. நகையை விற்று நோட்டாக வைத்திருந்தோர் இரண்டையும் இழந்தனர். பின்னர்த் தோட்டத் துண்டாடலும், 1969இல் குடியுரிமையற்றோர்க்கு வேலை அனுமதிச் சீட்டு விதிக்கப்பட்டதும், பல்லாயிரம் தமிழரைத் தாயகத்துக்குக் கப்பலேற்றின. அப்போதும் முதலில் கைமாறியது நகையே.

இந்த வரலாற்றில் ஒரு விந்தை உண்டு. பொன்னகை உருகி மறைந்தது. போலி நகையோ தப்பிப் பிழைத்தது. அடகுபிடிப்போர் அதனை வேண்டார், திருடரும் தீண்டார். தகரப் பெட்டியின் அடியில், பழைய பட்டுத்துணியில் முடிந்து வைக்கப்பட்ட கவரிங் அட்டிகையும் கண்ணாடிக்கல் தோடும் மூன்று தலைமுறைகளைக் கடந்து நிற்கின்றன. நீரிணைக்கு இக்கரையில், தொழிற்பேட்டையை ஒட்டி வளர்ந்த மாக் மண்டின் போன்ற பட்டர்வொர்த் குடியிருப்புகளிலும், அக்கரையில் ஜோர்ஜ்டவுனின் பழைய வீடுகளிலும் இத்தகைய பெட்டிகளைக் காணலாம். விளையாட்டரங்கை அடுத்த லோரோங் கூலிட் பழம்பொருட் சந்தையில் அவ்வப்போது விரிக்கப்படும் துணிகளின் மேலும் அவை கிடக்கின்றன.

இணையம் விரித்த ஏலக்களம்

1995 செப்டம்பரில் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் பியேர் ஒமிடியார் என்னும் கணினி வல்லுநர், 'ஆக்ஷன் வெப்' என்னும் இணையப் பக்கத்தைத் தொடங்கினார். அதில் முதலாவதாக விலைபோனது பழுதடைந்த ஒளிக்கதிர்ச் சுட்டுக்கோல் ஒன்று. அது 14 டாலர் 83 சென்டுக்கு ஏலம் போயிற்று. பழுதடைந்தது என்று தெரியுமா எனக் கேட்டபோது, தாம் பழுதான சுட்டுக்கோல்களையே சேர்ப்பதாக வாங்கியவர் விடை கூறினாராம். ஒருவர்க்குக் குப்பையாவது பிறிதொருவர்க்குப் புதையல் என்னும் உண்மையே பின்னாளில் 'ஈபே' எனப் பெயர் பெற்ற அவ்வாணிகத்தின் அடித்தளமாயிற்று. 2004இல் அந்நிறுவனம் இந்தியாவின் 'பாசீ' தளத்தை விலைக்கு வாங்கியது. இந்திய ஈபே 2018இல் மூடப்பட்டது. கைவினைப் பொருளுக்கும் பழம்பொருளுக்குமென 2005இல் தோன்றிய 'எட்சி' தளமோ, 20 ஆண்டேனும் பழையதாக இருப்பதையே பழம்பொருள் என ஏற்றது.

இணைய ஏலத்தின் இயக்கமும் அறியத்தக்கது. கூடத்தில் நடக்கும் ஏலத்தில் கூவுவோர் ஓயும் வரை சுத்தியல் விழாது. இணையத்திலோ நாளும் நாழிகையும் முன்னரே குறிக்கப்படும். ஏலம் கேட்பவர் தம் உச்ச விலையைக் கமுக்கமாகப் பதிந்து வைக்கலாம். பொறியே அவர் சார்பில் சிறிது சிறிதாக விலையை உயர்த்தும். ஒருவர் 100 டாலரும் மற்றொருவர் 60 டாலரும் உச்சமாகக் குறித்தால், முதலாமவர் செலுத்துவது 100 அன்று. 60க்குச் சற்று மேற்பட்ட தொகையே. இரண்டாம் விலையே வெற்றி பெற்றவரின் விலை என்னும் இக்கொள்கையை 1961இல் பொருளியலறிஞர் வில்லியம் விக்ரி ஆராய்ந்து வெளியிட்டார். 1996இல் அவருக்கு நோபெல் பரிசும் கிடைத்தது. உச்ச விலையை மறைக்காது உரைப்பதே இத்தகைய ஏலத்தில் நன்மை பயக்கும் என்பது அவர் கண்ட முடிவு. மெய்யுரைத்தலுக்கு அறநூல் மட்டுமன்றிக் கணக்கும் சான்று பகர்கின்றது.

இணையத்தால் நேர்ந்த மாற்றங்கள் இரண்டு. ஒரு நகரத்தில் அரிதென்று போற்றப்பட்ட பதக்கம், உலகம் முழுவதும் தேடியபோது நூற்றுக்கணக்கில் கிடைத்தது. அதன் விலை வீழ்ந்தது. மெய்யாகவே அரிதானவற்றுக்கோ, ஒரே ஊரில் கிட்டாத இரண்டாம் போட்டியாளர் எங்கோ ஒரு கண்டத்தில் கிடைத்தார், விலை ஏறியது. ஏலம் என்பது இருவர் வேண்டும் விளையாட்டு. அவ்விருவரையும் சேர்த்து வைத்ததே இணையம் செய்த பெரும்பணி.

உரைகல் இல்லாத சந்தை

பொற்கொல்லரிடம் உரைகல் உண்டு. கடைத்தெருவில் கையும் கண்ணும் உண்டு. இணைய ஏலத்தில் வாங்குவோர்க்கு இருப்பவை நிழற்படமும் சொல்லும் மட்டுமே. ஆகவே சொல்லே உரைகல்லாகின்றது. அச்சொல்லை மெய்ப்பிக்கும் சான்றுகள் நகையிலேயே மறைந்து கிடக்கின்றன என்பதனைக் கற்றறிந்த வணிகர் அறிவர்.

அமெரிக்கா 1890இல் இயற்றிய சுங்கச் சட்டம், இறக்குமதிப் பொருள்களில் நாட்டின் பெயர் பொறிக்கப்படல் வேண்டும் என விதித்தது. 'செக்கோசுலோவாக்கியா' எனப் பொறிப்பு இருப்பின் அந்நகை 1918க்குப் பிற்பட்டது. 'ஆக்கிரமிக்கப்பட்ட சப்பான்' என்றிருப்பின் 1947க்கும் 1952க்கும் இடைப்பட்டது. 'மேற்கு செருமனி' என்றிருப்பின் 1949க்கும் 1990க்கும் இடைப்பட்டது. இரண்டாம் உலகப்போரின்போது மலிவான வெள்ளுலோகங்கள் படைக்கருவிகளுக்கு ஒதுக்கப்பட்டமையால், அமெரிக்க நகை நிறுவனங்கள் முலாமின் அடியில் உண்மையான வெள்ளியையே பயன்படுத்தின. போலி நகை போரினால் பாதி மெய்யான விந்தை இது. 1955இல் டிரிஃபாரி என்னும் நிறுவனம் தொடுத்த வழக்கில், அலங்கார நகையும் கலைப்படைப்பே, அதற்குப் பதிப்புரிமை உண்டு என அமெரிக்க நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதன்பின் பதிப்புரிமைக் குறி நகைகளின் முதுகில் பெருகத் தொடங்கிற்று. பேக்லைட் வளையலைச் சூடேறும் வரை விரலால் தேய்த்தால் பினாயில் போன்ற மணம் எழும். இவ்வாறு எழுத்தும் எடையும் மணமும் சான்று கூறும்.

சான்றுகளின் மதிப்பு உயர்ந்ததும், சான்றுகளையே போலியாக்கும் கையும் தோன்றியது. பெயர் பெற்ற நிறுவனங்களின் முத்திரையைப் புதிய நகையில் பொறித்துப் பழமை என விற்றனர். போலிக்கும் போலி பிறந்தது! இணைய ஏலத்தாரோ 1996இலேயே, வாங்கியோரும் விற்றோரும் ஒருவரையொருவர் பலரறியப் பாராட்டவும் குறை கூறவும் வழி வகுத்தனர். ஊர்வாய் என்று நம் முன்னோர் அஞ்சியதற்கு இது புதிய வடிவம். மலேசியாவில் 2012ஆம் ஆண்டு மின்வணிக விதிகள், இணையத்தில் தொழில் நடத்துவோர் தம் பெயரையும் தொடர்பு விவரத்தையும் பொருளின் தன்மையையும் முழு விலையையும் மறைக்காது தெரிவிக்க வேண்டும் எனக் கட்டளையிட்டன.

தமிழர்க்கு இப்பாடம் புதிதன்று. ஒரு சிலம்பின் உள்ளிருப்பது முத்தா, மாணிக்கமா என்று தேராமையால் ஓர் உயிர் போயிற்று. ஓர் அரசு வீழ்ந்தது. ஒரு மாநகர் எரிந்தது. பொற்கொல்லன் கூறிய சொல்லை நம்பிய மன்னன், பொருளைச் சோதிக்க மறந்தான். கண்ணகியோ சிலம்பை உடைத்துக் காட்டினாள். பொருளின் தன்மையைப் பற்றிய பொய்ச்சொல் எத்துணைக் கொடியது என்பதற்கு இளங்கோவடிகளின் காப்பியம் அழியாச் சான்றாக நிற்கின்றது.

எஞ்சியிருக்கும் கடமை

இவ்வாணிகத்தால் நன்மை உண்டு என்பதனை மறுப்பதற்கில்லை. வீட்டை விட்டு நீங்க இயலாத மகளிர்க்கும் ஓய்வு பெற்றோர்க்கும் சிறு முதலில் ஒரு தொழில் அமைகின்றது. குப்பைக்குச் செல்லவிருந்த கைவேலைப்பாடு, போற்றுவோர் கையைச் சேர்கின்றது. கவரிங்கைக் கவரிங் என்றும், பிற்காலத்துப் படியைப் படி என்றும், உடைந்த கொக்கியை உடைந்தது என்றும் எழுதி விற்பவர் நாளடைவில் நற்பெயர் என்னும் முதலையும் சேர்க்கின்றார். பொன் போன்ற சொற்களை அடுக்கி முலாமைப் பொன்னென எண்ணச் செய்பவர் ஒருமுறை வெல்லலாம். மறுமுறை அவரை நாடுவார் இலர்.

எனினும் ஓர் இழப்பும் உண்டு; அதனைச் சமுதாயம் இன்னும் எண்ணிப் பார்க்கவில்லை. மேனாட்டுப் பதக்கத்தின் முதுகில் நிறுவனத்தின் பெயர் உண்டு. சேர்ப்போர் எழுதிய நூல்கள் உண்டு. ஆண்டு வாரியான பட்டியல்கள் உண்டு. தமிழ்ப்பெண் அணிந்த கவரிங் அட்டிகைக்கு அவை எவையும் இல்லை. செய்தவர் பெயரும் பொறிக்கப்படுவது அருமை. அது எந்த ஊர்த் திருவிழாவில் வாங்கப்பட்டது, எந்தக் கப்பலில் வந்தது, பொன்னகை அடகுக்குப் போன பின் எந்த மணவறையில் அதற்கு ஈடாக நின்றது என்பன எல்லாம் பாட்டிமாரின் நினைவில் மட்டுமே வாழ்கின்றன. பாட்டி மறைந்தபின் பேரர் அந்தப் பெட்டியைத் திறந்து, 'பழைய இந்திய நகை, ஒரு பொதி' என்னும் சில சொற்களுடன் ஏலத்தில் இட்டால், விலை போவது நகை. தொலைந்து போவது வரலாறு. கடலுக்கு அப்பால் வாங்குபவர் கையில் அது வெறும் வண்ணக்கண்ணாடி ஆகிவிடும்.

2008இல் ஜோர்ஜ்டவுன் உலக மரபு நகரமாக யுனெஸ்கோவால் ஏற்கப்பட்டது. மாளிகைகளும் வழிபாட்டிடங்களும் அதனால் காக்கப்படுகின்றன. உழைத்தோர் இல்லங்களின் மரபோ கல்லில் இல்லை. தகரப் பெட்டிகளில் உள்ளது. அதனைக் காக்கப் பெருநிதி வேண்டா. ஒவ்வொரு நகைக்கும் ஒரு சிறு தாளில், அணிந்தவர் பெயர், வந்த வழி, ஏறத்தாழ ஆண்டு ஆகியவற்றை மூத்தோர் இருக்கும்போதே கேட்டு எழுதி உடன் வைத்தல் போதும். பின்னர் அந்நகையை வைத்திருப்பதும் விற்பதும் குடும்பத்தாரின் உரிமை. விற்கும்போது அத்தாளின் செய்தியும் நகையுடன் செல்லுமாயின் விலையும் உயரும். வரலாறும் வழி தவறாது.

நகை என்னும் சொல்லுக்குத் தமிழில் சிரிப்பு என்பதும் பொருள். கூலி குறைந்த நாளிலும் மகளை வெறுங்கழுத்துடன் மணவறைக்கு அனுப்ப மனம் ஒப்பாத தாய், கவரிங் அட்டிகையைப் பூட்டி அழகு பார்த்தபோது மகள் முகத்தில் மலர்ந்த நகை போலியன்று. அந்த மெய்யை எழுதி வைப்பதே, பொய்ந்நகைக்கு நாம் தரத்தக்க மெய்யான விலையாகும்.